ரூபாய்த்தாளும் நார்ல்கோனும்

1998ல் மொரீஷியஸ் மத்திய வங்கி புதிய ரூபாய்த்தாள்களை வெளியிட்டபோது அந்தச் சிறிய தேசம் ஒரு விசித்திரமான தகராறைச் சந்தித்தது. தாளின் மதிப்பை மூன்று மொழிகளில் அச்சிடுவது அங்கே வழக்கம். ஆங்கிலம் முதலில், தமிழ் அடுத்து, பிறகு ஹிந்தி. புதிய தாளில் ஹிந்தி இரண்டாவதாக ஏறி, தமிழ் மூன்றாவதாக இறங்கியிருந்தது. தமிழர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது: பீஹாரிலிருந்து கூலிகள் கப்பலேறுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே நாங்கள் இங்கே வந்திறங்கினோம், தாளில் உள்ள வரிசை வந்த வரிசை. அரசாங்கம் பணிந்தது. அச்சான தாள்கள் வாபஸ் பெறப்பட்டு, பழைய வரிசையில் வேறு தாள்கள் அடிக்கப்பட்டன.

நாள் முழுதும் தாளை எண்ணிக்கொண்டிருக்கிற உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது. நம் ரூபாயின் பின்பக்கத்துக் கட்டத்தில் பதினைந்து மொழிகள் இருக்கின்றன. தமிழ் பதின்மூன்றாவது. ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பதால் அங்கே கௌரவப் பிரச்னை எதுவும் எழ வழியில்லை. கவுண்டருக்கு அந்தப்புறமோ இந்தப்புறமோ, அந்தக் கட்டத்தைப் படித்துப் பார்த்த ஒரு ஆத்மாவை நான் கண்டதில்லை. மொரீஷியஸ் தமிழனும் படிப்பதில்லை என்பதுதான் விஷயம். அவன் வீட்டு மொழி கிரியோல். பிரெஞ்சை அடியாகக் கொண்டு அடிமைகளின் வாயில் உருவான பேச்சு அது. தாளில் உள்ள தமிழ் வரியைப் படிக்கத் தெரியாத பலர் அந்த வரிக்காகப் போராடினார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. படிக்கத் தெரியாத எழுத்துக்கு ஒரு மனிதன் ஏன் இத்தனை விசுவாசமாக இருக்கிறான் என்ற கேள்வி, படிக்கத் தெரிந்தும் படிக்காத நம்மை உறுத்த வேண்டிய கேள்வி.

மொரீஷியஸுக்கு மேற்கே சுமார் இருநூறு கிலோமீட்டரில் ரெயூனியன் தீவு இருக்கிறது. இரண்டும், கிழக்கே தள்ளிக் கிடக்கிற சின்ன ரோட்ரிக்ஸும் சேர்ந்ததுதான் மஸ்கரீன் தீவுக்கூட்டம். மஸ்கரேன்யஸ் என்ற போர்த்துகீசிய மாலுமியின் பெயர் ஒட்டிக்கொண்டது. ரோட்ரிக்ஸில் நம்மவர் சுவடு மிகக் குறைவு, அதை விட்டுவிடலாம். ரெயூனியனில் தாளும் கிடையாது, தகராறும் கிடையாது. அது 1946லிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம். புழங்குவது யூரோ. தமிழ் எழுத்து அரசாங்கக் காகிதம் எதிலும் இல்லை. யார் தமிழர், எத்தனை பேர் என்று பிரெஞ்சு அரசு எண்ணுவதுமில்லை. குடிமகன் என்றால் குடிமகன், அவ்வளவுதான். ஆனால் அங்கே இரவு முழுக்க ‘நார்ல்கோன்’ நடக்கிறது. நார்ல்கோன் என்றால் நாடகம். நம் நாடகம் என்ற சொல்லேதான். தென்னார்க்காட்டுத் தெருக்கூத்து.

ஒரே கரையிலிருந்து போன ஜனங்கள். ஒரு தீவில் தமிழ் எழுத்தாக மிஞ்சியது, இன்னொன்றில் ஒலியாக. இதற்கான காரணத்தைத் தமிழர்களின் குணத்தில் தேடிப் பயனில்லை. இரண்டு சாம்ராஜ்யங்களின் குணத்தில் தேட வேண்டும்.

இரண்டு தீவுகளிலும் பூர்வகுடி என்று யாரும் கிடையாது. ஆமையும், டோடோ முதலான பறக்காத பறவைகளும்தான் பூர்வகுடி. மொரீஷியஸில் 1638ல் குடியேறிய டச்சுக்காரர்கள் 1710ல் கைவிட்டுப் போனார்கள்; அதற்குள் டோடோ இல்லாமலாகிவிட்டது. பூர்போன் என்று அப்போது பெயர் பெற்றிருந்த ரெயூனியனில் பிரெஞ்சுக்காரர்கள் 1660களில் குடியேறினார்கள். பெண்கள் போதவில்லை. 1678ல் இந்தியாவின் போர்த்துகீசியத் துறைமுகப் பக்கங்களிலிருந்து கலப்பினப் பெண்கள் சிலர் கொண்டுவரப்பட்டு முதல் குடும்பங்கள் உண்டாயின. இன்றைக்குத் தங்களை வெள்ளையர் என்று சொல்லிக்கொள்கிற அத்தீவின் பழைய குடும்பங்கள் சிலவற்றின் பாட்டிமார் இந்தியப் பெண்கள். கலப்பு பின்னால் நேர்ந்த விபத்தல்ல, அஸ்திவாரத்திலேயே போடப்பட்டது. மொரீஷியஸை 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1735ல் கவர்னராக வந்த லா பூர்தொன்னே துறைமுகமும் நகரமும் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். கூலியாக அல்ல, கைத்தொழில் தெரிந்தவர்களாக வந்தவர்கள். போர்ட் லூயியில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்றே பெயர். ரூபாய்த்தாள் தகராறில் ‘முதலில் வந்தவர்கள்’ என்று நினைவுகூரப்பட்டது இவர்களைத்தான்.

(தமிழனுக்கு மலபார்க்காரன் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஐரோப்பியர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் முதலில் இறங்கியவர்கள், அங்கே கற்ற பெயரையே கிழக்குக் கரைக்கும் நீட்டினார்கள். ரெயூனியனில் இன்றும் தமிழ் வம்சாவளியினர் ‘மல்பார்’. திட்டுவதற்கென்று ஏற்பட்ட பெயர் சுயப்பெயராகிப் போயிற்று.)

எல்லாரும் கொத்தனாராகப் போகவில்லை. புதுச்சேரியிலிருந்தும் சந்திரநாகூரிலிருந்தும் அடிமைகளாகவும் இந்தியர்கள் போனார்கள். சந்திரநாகூரில் பிறந்த மதலேன் என்ற பெண்ணின் மகன் ஃபுர்ஸி, தான் சுதந்திர மனிதன் என்று 1817ல் பூர்போனில் வழக்குத் தொடுத்தான். அவனைச் சிறையிலிட்டார்கள், பிறகு மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள். பாரீஸ் நீதிமன்றம் அவன் பிறப்பிலேயே சுதந்திரன் என்று தீர்ப்புச் சொன்னது 1843 டிசம்பரில். இருபத்தாறு வருஷம். அதற்குள் மொரீஷியஸில் அடிமைமுறையே சட்டப்படி ஒழிந்திருந்தது; ரெயூனியனில் ஒழிய இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

1810ல் ஆங்கிலேயர் இரண்டு தீவுகளையும் பிடித்தார்கள். பாதைகள் பிரிவது இங்கேதான். 1814 ஒப்பந்தத்தில் பூர்போனைத் திருப்பிக் கொடுத்தவர்கள், நல்ல துறைமுகம் இருந்ததால் மொரீஷியஸை வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்ட தீவில் பிரெஞ்சுச் சட்டத்தையும் மொழியையும் மாதா கோவிலையும் தொடாமல் விட்டார்கள். அடிமைகள் விடுதலையானதும் கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 நவம்பரில் ‘அட்லஸ்’ என்ற கப்பலில் முப்பத்தாறு பேர் கல்கத்தாவிலிருந்து வந்திறங்கினார்கள். அடுத்த எண்பது வருஷங்களுக்குள் சுமார் நாலரை லட்சம் பேர். பெரும்பகுதி பீஹார்ப் பக்கத்து ஜனங்கள். சென்னையிலிருந்து தமிழரும் தெலுங்கரும் கணிசமாக. தமிழன் அங்கே முதல்வனாக இருந்தும் சிறுபான்மையானான்.

ரெயூனியனின் கதை வேறு. 1828லேயே ஏனாமிலிருந்து சில தெலுங்கர்களைக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. 1848 டிசம்பர் 20ந்தேதி அறுபதினாயிரத்துச் சொச்சம் அடிமைகள் விடுதலையானதும் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஆள்பிடிப்பு மும்முரமாயிற்று. புதுச்சேரி எத்தனை சின்ன இடம்! அத்தனை கப்பல்களுக்கும் ஆள் எங்கிருந்து கிடைத்திருப்பார்கள்? எல்லையைத் தாண்டி நம் தென்னார்க்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும்தான். பஞ்சம் விரட்டியவன், கடன் விரட்டியவன், சாதி விரட்டியவன் என்று பிரிட்டிஷ் குடிகள் பிரெஞ்சுக் கப்பலேறினார்கள். 1860லும் 1861லும் இரண்டு அரசாங்கங்களும் இதற்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஐந்து வருஷக் கட்டு, முடிந்தால் ஊர் திரும்பக் கப்பல் என்று காகிதத்தில் இருந்தது. தோட்டங்களில் நடந்த கொடுமை பொறுக்காமல் 1882ல் இந்திய சர்க்கார் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திற்று. அதுவரை போனவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அவர்களில் தமிழரே பெரும்பாலோர். கப்பலிலிருந்து இறங்கியதும் அவர்களை அடைத்து வைத்த தொற்றுத்தடுப்பு விடுதி கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் இன்னும் நிற்கிறது.

ஆக, தமிழன் எண்ணிக்கையில் குறைந்த தீவில் எழுத்து நின்றது, மிகுந்த தீவில் எழுத்து போயிற்று. ஆங்கிலேயனுக்கு ஜனங்களைப் பிரித்து எண்ணுவதில் இருந்த மோகம் நமக்குத் தெரியும். மதம், மொழி, சாதி என்று பத்தி பத்தியாகக் கணக்கெடுத்து ஒவ்வொரு கூட்டத்தையும் அதனதன் பெட்டியில் வைத்து ஆள்வது அவன் முறை. பெட்டியில் இருப்பவனுக்குப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு முக்கியமாகிவிடுகிறது. மொரீஷியஸில் ‘இந்து’ என்றால் பேச்சுவழக்கில் வடநாட்டார். தமிழர் தனி, தெலுங்கர் தனி. 1968ல் சுதந்திரம் கிடைத்த பிறகும் அரசியல் இந்தப் பெட்டிகளின் வழியாகவே நடக்கிறது. தைப்பூசம் அங்கே அரசாங்க விடுமுறை. பள்ளியில் தமிழ் பாடம். 1989ல் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு. 1992ல் குடியரசானபோது முதல் ஜனாதிபதி வீராசாமி ரிங்காடு. எல்லாம் சரிதான். எழுத்து பாதுகாக்கப்பட்டிருக்கிறது, கண்ணாடி அலமாரிக்குள் பாத்திரத்தைப் பாதுகாப்பது மாதிரி.

பிரெஞ்சுக்காரனுடைய வன்முறை வேறு ஜாதி. அவன் பிரித்து எண்ணவில்லை, கரைத்துவிடப் பார்த்தான். 1889 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் தீவில் பிறந்த கூலியின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிகள். பள்ளியில் பிரெஞ்சு மட்டும். பதிவேட்டில் எழுதியவன் காதில் விழுந்தபடி அப்பன் பெயர் குடும்பப் பெயராக உறைந்தது. ராமசாமி, வீரப்பன், முத்துசாமி எல்லாம் பிரெஞ்சு உச்சரிப்பில் பரம்பரைப் பெயர்களாயின. முன்பெயர் மாதாகோவில் காலண்டரிலிருந்து வந்தது. ழானும் மரியும் முன்னால், ராமசாமி பின்னால். ஞானஸ்நானம் மாதாகோவிலில், கல்யாணமும் அங்கேதான். அது முடிந்தபின் கரும்பாலை ஓரத்துக் ‘கோய்லு’வுக்குப் போய் மார்லியேமேனுக்குச் சூடம் ஏற்றுவார்கள். இதை இரட்டை வேஷம் என்று பாதிரிகளும் சொன்னார்கள், பின்னால் நம்மூரிலிருந்து போன சீர்திருத்தக்காரர்களும் சொன்னார்கள். செய்தவர்களுக்கு அது வேஷமாகப் படவில்லை. தீவில் வழிநெடுக சிவப்புச் சாயம் பூசிய சின்னஞ்சிறு கூண்டுகள் இருக்கின்றன. உள்ளே செயின்ட் எக்ஸ்பெதீ என்ற ரோமானியப் போர்வீரர். மல்பார்களும் அவரைக் கும்பிடுகிறார்கள், காளிக்குரிய சிவப்பு அவருக்கும் ஏறிவிட்டது. காரியம் சீக்கிரம் முடித்துத் தருவார். நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் பொல்லாதவர். விருத்தாசலத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது எழுதி முனியப்பர் முன் கட்டிவிட்டு வருகிறவர்களை அவன் தினம் பார்க்கிறான்.

அந்த முனியும் அங்கே போயிருக்கிறார். முனீஸ்வரன் ‘மினிஸ்ப்ரேன்’ ஆனார். சுருட்டும் ரம்மும் சேவலும் கேட்கிறார். மதுரைவீரன் ‘மார்தேவிரேன்’. காளி ‘கார்லி’. பாஞ்சாலி ‘பாந்தியாலே’. அவளுக்குத்தான் தீமிதி. விரதம் பதினெட்டு நாள். கரும்பு வெட்டு முடிந்து ஆலை ஓய்கிற வருஷக் கடைசியை ஒட்டித் தீமிதி வைக்கிற கோவில்கள் உண்டு. பஞ்சாங்கத்தைக் கரும்பு திருத்தியிருக்கிறது.

இந்தப் பெயர்களைத் தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார். சிதைவு, திரிபு, மரூஉ என்று மூன்று வார்த்தைகளில் முடித்துவிடுவார். ஆனால் சற்று நிதானித்துக் கேட்டால் இதில் ஒரு ஒழுங்கு இருப்பது புலப்படுகிறது. காளியின் ‘ள’ ‘ர்ல்’ ஆகிறது. மேளம் ‘மோர்லோன்’. நாடகத்தின் ‘ட’வும் ‘ர்ல்’: நார்ல்கோன். உடுக்கையின் ‘ட’ வெறும் ‘ல்’: உல்கே. நாக்கை மடித்து மேலண்ணத்தில் ஒட்டிப் பிறக்கிற ஒலிகள் பிரெஞ்சில் இல்லை. இல்லாத ஒலியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், லகரமாக்கிச் சமாதானமாகியிருக்கலாம். சில சொற்களில் அப்படித்தான் நடந்தது: மத்தளம் ‘மத்தாலோன்’, தாளம் ‘தாலோன்’. ஆனால் தெய்வத்தின் பெயரிலும் கூத்தின் பெயரிலும் ஒரு ரகரத்தை முன்னால் வைத்து, இங்கே ஏதோ ஒன்று மடிந்திருந்தது என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். மகர ஒற்றில் முடிகிற சொற்களெல்லாம் மூக்கில் முடிகின்றன. ஒரு மொழியின் பொருள் மறந்துபோன பின்பும் அதன் ஒலிக்குச் செலுத்தப்பட்ட இந்தக் கவனம், சென்னை ரேடியோவில் ழகரத்தைக் கொல்கிறவர்களிடம் இல்லாத ஒன்று.

சமையலறையில் இன்னும் சகஜமாக இருக்கிறது. கறி, கறியாகவே. முருங்கை ‘முரோங்’. கறிவேப்பிலை மொரீஷியஸில் ‘கரிபுலே’, ரெயூனியனில் ‘கலுபிலே’. ஒரே இலை, இருநூறு கிலோமீட்டர் கடலில் ரகரமும் லகரமும் இடம் மாறிவிட்டன. ஊறுகாய் ‘ருகாய்’ ஆயிற்று. முதல் எழுத்து கடலில் விழுந்துவிட்டது. மாங்காயும் மிளகாயும் இடித்துத் தொட்டுக்கொள்கிற ருகாய் நமக்குப் புரிகிறது. ஆனால் ருகாய்-சொசீஸ் என்று ஒன்றுண்டு, தக்காளி வெங்காயத்தில் பன்றி இறைச்சிக் குழல்களை வேகவைப்பது. தீவில் எல்லா நிறத்தவரும் சாப்பிடுகிற, தீவின் அடையாளம் என்றே சொல்கிற பண்டம். ஊறுகாய் என்ற சொல் அதற்குள் உட்கார்ந்திருப்பது சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பருப்பு வடை அங்கே ‘பொன்போன் பிமான்’, மிளகாய் மிட்டாய் என்று அர்த்தம். கடலைப்பருப்புக்குப் பதில் ஒருவகை மொச்சை. மொரீஷியஸ்காரர்கள் விசேஷங்களில் வாழையிலையில் ‘சேத் கறி’ பரிமாறுகிறார்கள். ஏழு கறி என்பதில் ஏழு பிரெஞ்சு, கறி தமிழ்.

பிரெஞ்சுக் கவிதையைப் பற்றி இந்தப் பக்கங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். பொதுவாகப் பாரீஸைப் பற்றித்தான். போதலேரை 1841ல், இருபது வயதில், ஊதாரித்தனம் பொறுக்காமல் மாற்றாந்தகப்பன் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றிவிட்டார். அவர் கல்கத்தா வந்து சேரவில்லை. மொரீஷியஸில் கொஞ்ச நாள், பூர்போனில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு வெளியிட்ட கவிதைகளில் ஒன்று ‘ஒரு மலபார்ப் பெண்ணுக்கு’ என்ற தலைப்புடையது. எஜமானனின் புகைக்குழாயைப் பற்றவைத்துக் கொசு விரட்டி, சாயங்காலம் பாயில் படுத்துக் கனவு காண்கிறவள் அவள். அவளைப் பார்த்து, நீ ஏன் பிரான்சுக்கு வர ஆசைப்படுகிறாய், அங்கே குளிரில் நடுங்கி நாசமாவாய் என்கிறார். அவள் நம் ஊர்ப் பெண்தானா என்று தலைப்பை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. நவீனக் கவிதையின் பிதா என்று நாம் கொண்டாடுகிற மனிதரின் கண்ணில் இந்தியா பட்டது அந்தத் தீவுகளில், ஒரு வேலைக்காரியின் உருவத்தில். அவள் பேசினாளா, என்ன பாஷையில் பேசினாள் என்பதற்குக் கவிதையில் இடமில்லை. ஆசைப்படுவது மட்டும்தான் அவளுக்கு விதிக்கப்பட்டது.

லெகோந்த் த லீல் ரெயூனியனிலேயே, 1818ல் சேன்-போலில் பிறந்தவர். உணர்ச்சியைத் துறந்த சலவைக்கல் கவிதை என்று பாரீஸில் ஒரு பள்ளிக்கே தலைவரானார். அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்றின் தலைப்பு ‘மான்ஷி’. பிரான்ஸில் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கு அடிக்குறிப்பு பார்த்துப் படித்திருப்பார்கள். அது மஞ்சில். துணித் தொட்டிலைக் கழியில் கட்டித் தோளில் சுமக்கிற தென்னிந்தியப் பல்லக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு அழகி அதில் மாதாகோவிலுக்கு வருகிறாள். சுமக்கிறவர்கள் இரண்டு தெலுங்கர்கள், கையில் காப்பு, காலில் வளையம். கவி உள்ளே இருப்பவளுக்காக உருகுகிறார், அவள் செத்துப்போனதற்கு அழுகிறார். வெளியே சுமக்கிறவர்களின் சொல் கவிதையின் தலைப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவர்கள் ஏறவில்லை.

நம் பக்கத்தில் என்ன செய்தோம்? பாரதி பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதான். புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியைக் காட்டினான். இரண்டும் தேவையான, நேர்மையான கோபங்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கோபத்தை விட்டுவிட்டுக் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு கூட்டம் கண்ணீரையும் விட்டுவிட்டு, கடல் கடந்த தமிழன், உலகத் தமிழன் என்று மார்தட்டக் கிளம்பிற்று. அழுகிறவனுக்கும் மார்தட்டுகிறவனுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: போனவர்கள் அங்கே என்ன செய்தார்கள், எதை உண்டாக்கினார்கள் என்று இரண்டு பேரும் கேட்பதில்லை. ஒருவனுக்கு அவர்கள் வெறும் இழப்பு, மற்றவனுக்கு வெறும் எண்ணிக்கை. மொரீஷியஸ் கவி கால் தொராபுல்லி ‘கூலித்துவம்’ என்ற சொல்லை 1992ல் முன்வைத்தார். எய்மே செசேரின் நீக்ரித்துவத்துக்குப் பதில் மாதிரி. கப்பலுக்குள், கடலுக்கு நடுவில், பல ஜனங்கள் நெரிந்து உண்டான ஒரு பிரக்ஞை என்கிறார். திரும்பிப் போக வேண்டிய தாய்மண் ஒன்று எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பிலிருந்து விடுபட்ட பிரக்ஞை. சொல்லின் மேல் எனக்கு முழு ஈர்ப்பு இல்லை. எந்த ‘துவ’மும் சீக்கிரம் ஸ்தாபனமாகிவிடும். ஆனால் கேள்வியை அவர் சரியான இடத்தில் வைத்தார்.

இப்போது பிரச்னைக்கு வருகிறேன். 1970களிலிருந்து ரெயூனியனில் ஒரு மறுமலர்ச்சி. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குருக்கள் வருகிறார்கள், ஸ்தபதிகள் வருகிறார்கள். கரும்பாலை ஓரத்துக் கோய்லுகள் பக்கத்தில் கோபுரம் வைத்த ஆகமக் கோவில்கள் எழுகின்றன. கிடா வெட்டுவது அநாகரிகம், ரம் வைப்பது அநாகரிகம், மினிஸ்ப்ரேன் தப்பு, முனீஸ்வரன் என்று சொல். அதைவிட சிவன் என்றே சொல்லிவிடு. படித்தவர்கள் ‘மல்பார்’ என்று சொல்லிக்கொள்ளக் கூசி ‘தமூல்’ என்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு விழா, சேன்-ஆந்த்ரே ஊரில் தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம். முன்னே அங்கே தீபாவளி பெரிதாக இருந்ததில்லை. போன ஜனங்கள் தீபாவளி கொண்டாடும் வசதியோடு போனவர்களா என்ன?

இதை எளிதாகக் கண்டித்துவிட முடியாது. நூறு வருஷம் பிரெஞ்சுப் பள்ளியில் தன் தகப்பன் தெய்வத்தைப் பேய் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, நானும் ஒரு பெரிய நாகரிகத்தின் வாரிசு என்று நிமிர ஆசைப்படுவது நியாயம். அவனுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்கக் கூடாதென்று சொல்ல நான் யார்? கூத்தும் கிடாவும் போதும் உனக்கு என்று அவனிடம் சொல்வது, பிரான்சுக்கு வராதே என்று அந்த மலபார்ப் பெண்ணிடம் போதலேர் சொன்னதைவிட மேலானதல்ல. ஆனால் நாம் அனுப்புவது என்ன என்று பார்க்க வேண்டும். அவன் கேட்டது உறவு. நாம் அனுப்பியது திருத்தம். சிவப்புப் பேனாவோடு போயிருக்கிறோம். அந்தப் பேனா இங்கேயும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நம் ஜில்லாவில் ஐயனாருக்கும் வீரனுக்கும் கும்பாபிஷேகம் செய்து, குதிரைச் சிலைக்கு எனாமல் பெயிண்ட் அடித்து, பூசாரியை ஓரங்கட்டிக் குருக்களை உட்கார வைக்கிற அதே காரியம். திருவிழாவில் கூத்துக்குப் பதில் ஆர்க்கெஸ்ட்ரா. சேன்-ஆந்த்ரேயில் நடப்பதைப் பற்றி வருத்தப்படுகிறவன் முதலில் தன் தெருவைப் பார்க்க வேண்டும்.

நார்ல்கோனுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் கனக்கிறது. அங்கே கூத்தை நடத்துகிறவர் ‘வார்த்தியால்’, நம் வாத்தியார். இரவு முழுக்கப் பாட்டு, ஆட்டம், கிரீடம், பூசிய முகங்கள், கதை பாரதம். பார்க்கிறவர்களில் அநேகமாக யாருக்கும் வார்த்தைகள் புரிவதில்லை. பாடுகிறவர்களிலும் பலருக்குப் புரிவதில்லை, அல்லது இன்ன வரியில் இன்னது நடக்கிறது என்ற அளவில் புரியும். நோட்டுப் புத்தகத்தில் தமிழ்ப் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் உண்டு. ஒலிக்கு இரவல் உடுப்பு. புரியாததால் அது வெற்றுச் சடங்கு என்று முடிவு கட்டுகிறவர்கள், லத்தீன் பூசையும் சமஸ்கிருத மந்திரமும் எத்தனை பேருக்குப் புரிந்து நடந்தன என்று யோசிக்கட்டும். அந்த மரியாதையை ஒரு கூலியின் பாட்டுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

இதில் நமக்கு நேரடியான, சுயநலமான ஒரு காரியம் இருக்கிறது. திரௌபதி வழிபாட்டுக்கும் அதையொட்டிய கூத்துக்கும் செஞ்சியைச் சுற்றியுள்ள பிரதேசமே மூலம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள்; மேலச்சேரிக் கோவிலை ஆதிக்கோவிலாகக் கொள்கிறார்கள். அந்தப் பிரதேசத்துக் கூத்து 1882க்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. கம்பெனி நாடகம் வந்தது, ஹார்மோனியம் வந்தது, சினிமா மெட்டு வந்தது, மைக் வந்தது. இங்கே மாறிக்கொண்டே போனதன் ஒரு பழைய கட்டம், கப்பல் நின்றதோடு துண்டிக்கப்பட்டு, அந்தத் தீவில் தனியாக வேறு திசையில் மாறியிருக்கிறது. அங்கேயும் கலப்பு உண்டு. பக்கத்துக் கரும்புக் காட்டில் விடுதலையான அடிமைகளின் வம்சம் ஆடிப்பாடிய மலோயா அதன் காதில் விழாமலா இருந்திருக்கும்? ஆனாலும் இரண்டு பக்கமும் எது பொதுவாக மிஞ்சியிருக்கிறதோ அது கப்பலேறிய காலத்துக் கூத்தாக இருக்கக் கூடும். நமக்கு அச்சில் கிடைக்கிற கூத்துப் புத்தகங்கள் சொல்லாத விஷயங்கள், எந்தக் காட்சிக்கு எந்த அடவு, எங்கே வசனம் நின்று பாட்டு எழும்புகிறது என்பதெல்லாம், பிரெஞ்சு எழுத்தில் கிறுக்கிய ஒரு நோட்டில் இருக்கலாம்.

பிரான்சில் மானுடவியல்காரர்கள் மல்பார் சடங்குகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சடங்கு தெரிகிறது, தமிழ் தெரிவது அபூர்வம். இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்கு மாநாட்டு மேடை தெரிகிறது, கூத்து தெரிவதில்லை. கூத்து தெரிந்தவர்களை யாரும் கேட்பதில்லை. மார்லியேமேன் என்பதைத் திருத்தி எழுத ஒரு பண்டிதரை விமானத்தில் அனுப்புகிற செலவில் நூறில் ஒரு பங்கு போதும். நார்ல்கோன் ஒரு ராத்திரியை முழுசாக ஒலிப்பதிவு செய்து கொண்டுவந்து, புரிசையிலோ செஞ்சிப் பக்கத்திலோ ஒரு வயதான வாத்தியார் முன்னால் வைத்துப் போட்டுக்காட்டினால், எந்த இடத்தில் அவர் தலையாட்டுகிறார், எந்த இடத்தில் கூடச் சேர்ந்து பாட ஆரம்பிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம்.